மாமன் கட்டும் பட்டம்

மகனே,

நேற்று போனைப் பாதியில் வைத்துவிட்டேன் என்று கோபமாக இருப்பாய். இருந்துகொள். நம் வீட்டில் அது யாருக்கும் புதிதில்லை. "மாமாவக் கூப்ட்டீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்கப்பா" என்றாய். அதை மட்டும் சொல்ல என்னால் ஆகாது. நான் ஒன்று சொல்ல, நீ குறுக்கே ஒன்று கேட்க, நான் பழையதை இழுக்க, "ஆரம்பிச்சிட்டீங்களா" என்று நீ சலித்துக்கொள்ள, கடைசியில் ஆளுக்கொரு ஊரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். கல்யாணத்துக்குக் கிளம்புமுன் படித்துவிடு. படித்த கையோடு போன் செய்யாதே.

தாய்மாமன் வந்து பட்டம் கட்டாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று நீ சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. உலகத்தையே கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறவன் நெற்றியில் கட்டும் ஒரு தகட்டுக்கு இப்படி அடம்பிடிக்கிறானே என்று நினைத்தேன். மஞ்சள் நூலில் கோத்த மெல்லிய பொன் தகடு, அவ்வளவுதான் அது. ஆனால் நம் பக்கத்தில் அதைத் தாய்மாமன் கட்டிய பிறகுதான் பையன் மாப்பிள்ளை ஆகிறான். காட்டுமன்னார்கோயிலில் பெண் வீட்டார் விசாரித்தபோது நான் சமாளித்துவிட்டேன். உன் அம்மாவின் சித்தப்பா மகன் கீரப்பாளையத்தில் இருக்கிறான், முறைக்கு அவனும் மாமன்தான், அவன் கட்டட்டும் என்று உன்னிடமும் சொன்னேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு, "அம்மாதான் இல்ல. அம்மாகூடப் பொறந்தவராவது இருக்கட்டும்பா" என்றாய். 

அதனால் போன வாரம் ஒருநாள், பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். இந்த ஊருக்குக் குடிவந்து இத்தனை காலமாகியும் இது எனக்கு ஒட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். இங்கே யாரைக் கேட்டாலும் கோபுரத்தை வைத்து வழி சொல்கிறார்கள். கீழக் கோபுரத்துக்கு நேரே, தெற்குக் கோபுரம் தாண்டி இடக்கைப் பக்கம் என்று. கடலூரில் நாங்கள் கடைகளை வைத்து வழி சொன்னோம். கோபுரம் நின்ற இடத்தில் நிற்கும், கடை நிற்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கம்பெனிகள் எல்லாம் என்றைக்கும் புகைந்துகொண்டே இருக்கும், அவற்றை நம்பி வைத்த கடைகளும் அப்படியே இருக்கும் என்று எல்லோரும் நம்பினோம்.

"டாக்கீஸ் ஸ்டாப் ஒண்ணு குடுப்பா" என்றேன். கண்டக்டருக்கு உன் வயதுதான் இருக்கும்.

"எந்த டாக்கீஸ் சார்?"

"ஓல்டு டவுன்ல, ரயில்வே கேட்டுக்கு முன்னாடி."

"அங்க டாக்கீஸ் எங்க இருக்குது? நான் பொறந்ததிலேருந்து பாத்ததில்ல."

பின்னால் கருவாட்டுக் கூடையை அணைத்தபடி உட்கார்ந்திருந்த அம்மாள், "செல்போன் டவர் ஸ்டாப்பக் கேக்குறாருடா. டவரு நிக்கிற எடத்துலதான் முன்ன டாக்கீஸு இருந்துது" என்றாள்.

"அப்ப டவர்னு கேளுங்க சார். டாக்கீஸ்னா பால்கனியா, பெஞ்சான்னு நான் கேக்க வேணாம்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்த ஊர்ச் சிரிப்பு பிடிக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஆலப்பாக்கம் தாண்டினால் என் மூக்கு தானாகவே தயாராகிவிடும். அழுகிய முட்டை நாற்றம், கசந்த பாதாம் வாசனை, ஈரச் சாக்கை எரித்த மாதிரி ஒரு நெடி என்று அந்தக் காற்றில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி வாசனை இருந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போது காற்று கம்பெனிப் பக்கமிருந்து திரும்பினால் உன் அம்மா ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வருவாள். இப்போதும் தொழிற்பேட்டையில் சில கம்பெனிகள் ஓடுகின்றன. ஆனால் என் கம்பெனி, எங்கள் சாயக் கம்பெனி, ஜன்னல் பக்கமாக மெல்ல நகர்ந்து வந்தபோது அங்கே ஒரு வாசனையும் இல்லை. போர்டிலிருந்த எழுத்துகள் உதிர்ந்து, அவை இருந்த இடத்தில் துருவின் நிழல் மட்டும் இருந்தது. சீமைக்கருவேல மரங்கள் கொட்டகைக் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தன. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு மயில் யாருக்காகவோ காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் மழை பெய்திருந்தது. சுற்றுச்சுவரின் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் ரோட்டோரம் இளஞ்சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மூடி இத்தனை காலமாகியும் அந்த மண் தான் குடித்த சாயத்தைக் கக்கி முடிக்கவில்லை. பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

அந்தச் சுவருக்கு எதிரே அப்போது ஒரு கடைத்தெருவே இருந்தது. சின்ன வயதில் என் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நீ அதைப் பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்காது. ஒரு பேரல் கடை உண்டு. கம்பெனிகளில் காலியான நீலநிறப் பேரல்களை வாங்கிக் கழுவி, தண்ணீர் பிடித்துவைக்க ஊர்க்காரர்களுக்கு விற்பார்கள். நடுவில் இரண்டாக அறுத்தால் துணி துவைக்கும் தொட்டி. குறிஞ்சிப்பாடி வரைக்கும் கல்யாண வீட்டு அண்டாக்களுக்குப் பக்கத்தில் அந்தப் பேரல்கள்தான் நிற்கும். ஒரு லாண்டரி உண்டு. 'கம்பெனித் துணி வாங்கப்படாது' என்று வாசலில் எழுதிப்போட்டிருந்தான். கம்பெனிக்கு எதிரே கடை வைத்துக்கொண்டு கம்பெனித் துணி வேண்டாம் என்றவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். தொழிலாளிகளின் காக்கிச் சட்டையைப் போட்டால் மற்றத் துணியெல்லாம் மஞ்சளாகிவிடும் என்பது அவன் பயம். லேப் ஆட்களின் வெள்ளைக் கோட்டை மட்டும் வாங்கிக்கொள்வான். அடுத்து பாய் கடை. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் அந்தக் கல்லின்மேல் புரோட்டா தட்டுகிற சத்தமே போதும், கம்பெனிச் சங்கு தேவையில்லை. குடித்து வைத்த டீ கிளாஸ்களில் மஞ்சளும் சிவப்புமாக விரல் அடையாளங்கள் இருக்கும். வெயில் அவற்றினூடாக விழும்போது மேசைமேல் கண்ணாடி வளையல் பரப்பியதுபோல் இருக்கும். நான் அங்கே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்கள் உண்டு. கனவில் இப்போதும் அந்தக் கிளாஸ்கள் வருகின்றன, ஆட்கள் வருவதில்லை.

உன் மாமா கம்பெனியில் தூள் செக்‌ஷனில் இருந்தார். சாயத்தை உலர்த்தி, அரைத்து, மூட்டை கட்டும் இடம். அவருடைய வியர்வை மஞ்சளாக வரும். நம் வீட்டில் வந்து படுத்தால் தலையணையில் அவர் தலை படிந்த இடம் அப்படியே பதிந்திருக்கும். உன் அம்மா அவருக்கென்று ஒரு காப்பிநிறப் போர்வையும் தலையணையும் தனியாக வைத்திருந்தாள். அதை வேறு யாருக்கும் எடுத்துத் தரமாட்டாள். உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனால் உன் சட்டையின் இரண்டு பக்கமும் அவர் உள்ளங்கை இருக்கும். அவர் என்னை "மாப்ள" என்பார். தங்கை புருஷனை அப்படித்தான் கூப்பிடுவது. நான் அவரை "மச்சான்" என்பேன். அவர் தூள் செக்‌ஷன், நான் எம்.எஸ்ஸி. படித்த லேப் கெமிஸ்ட். அந்த வித்தியாசம் எங்கள் இருவருக்கும் நடுவில் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஸ்டிரைக் வந்தது. கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டுத் தொழிலாளிகள் உட்கார்ந்தார்கள். மாமா முன்வரிசை. லேப் ஆட்கள் உள்ளே போயாக வேண்டியிருந்தது. தொட்டிகளில் பாதியில் நின்றுபோன சரக்கு சூடேறினால் என்ன ஆகும் என்று எங்களுக்குத்தான் தெரியும், ஊருக்குத் தெரியாது. யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஜன்னலுக்குக் கம்பிவலை போட்ட வேனில் எங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பந்தல் பக்கம் வேன் மெதுவாகப் போனபோது மாமா என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து நின்றார். கல்யாண மண்டப வாசலில் வரவேற்கிற மாதிரி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "வாங்க வாங்க! கம்பெனி மாப்ள வராரு, வழி வுடுங்கப்பா! மாமியா ஊட்டு விருந்து ஆறிடப் போவுது!" என்றார்.

பந்தல் அதிர்ந்தது. வேனுக்குள் டிரைவரும் சிரித்தான். அந்த வாரமே முடிவெட்டுகிற கடையில், "கம்பெனி மாப்ளைக்குக் கிருதாவக் கொஞ்சம் எறக்கலாமா?" என்றார்கள். பாய் கடையில் பையன், "மாப்ளைக்கு ரெண்டு புரோட்டா" என்று கத்தினான். நீ ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப்பையைக்கூட இறக்காமல், "நம்ம எந்த ஊட்டு மாப்ளப்பா?" என்று கேட்டாய். அதற்கு உன் அம்மா அடுப்பங்கரையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் பார்த்துவிட்டேன். "எங்கண்ணனுக்கு வாயி ஜாஸ்தி. உங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. நடுவுல நான் என்னா பண்றது?" என்றாள்.

நான் மாமாவிடம் பேசுவதை நிறுத்தியது அந்தப் பந்தலுக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். உண்மையில் அந்த முந்தானைச் சிரிப்புதான் என்னைத் தைத்தது. உனக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் மனைவி ஒருநாள் உன்னைப் பார்த்துச் சிரிப்பாள். அவள் வீட்டு ஆள் யாராவது ஒன்று சொல்ல, அடக்க முடியாமல் சிரித்துவிடுவாள். உடனே நீயும் சிரித்துவிடு. அரை நிமிடம் தள்ளிப்போட்டாலும் பிறகு அது வராது. எனக்கு வரவில்லை. சிரிக்காமல் இருந்ததுதான் சரி என்று இன்றும் என்னால் வாதாட முடியும். வாதாடுவதற்கு எதிரே உன் அம்மா இல்லை.

ஸ்டிரைக்கில் ஜெயித்தது யார் என்று தெரியுமுன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அவரும் வெளியே, நானும் வெளியே. பேரல் கடைக்காரன் கடையைக் காலி செய்தான். பாய் மகனோடு வெளிநாடு போய்விட்டார். நாம் சிதம்பரத்துக்கு வந்தோம். கல்லூரி லேபில் எனக்குக் கிடைத்த வேலையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதல்வர் இன்றுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "லேப், இங்க வாங்க" என்பார். அண்ணன் வீட்டுக்கு உன் அம்மா தனியாகப் போவாள், தனியாக வருவாள். அவள் இறந்துபோனபோது மாமா பிறந்த வீட்டுக் கோடித்துணியைக் கொண்டுவந்து அவள்மேல் போர்த்திவிட்டு, எல்லாம் முடியும்வரை வெளி கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். நான் உள்ளேயே இருந்தேன்.

டவர் ஸ்டாப்பில் இறங்கினேன். டாக்கீஸில் பெண்கள் டிக்கெட் எடுக்கப் போகும் குறுகலான நடையின் சுவர் மட்டும் மிச்சமிருந்தது. அதற்குள் ஒருவர் இளநீர்க் காய்களை அடுக்கிவைத்திருந்தார். மாமா வீட்டுக்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்: டாக்கீஸுக்கு எதிர்ச் சந்து, ஐஸ் ஃபேக்டரியில் திரும்பி, சாக்குக் கடைக்கு அடுத்த வீடு. எதிர்ச் சந்து இருந்தது. ஐஸ் ஃபேக்டரி இல்லை. துறைமுகத்துக்கு மீன்பெட்டிகளுக்காக ஐஸ் பாளங்கள் வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த மரப்பலகை, உள்ளே ராட்டினம்போல் ஓடிக்கொண்டிருந்த மெஷினின் தட்தட் சத்தம், தெறிக்கும் சில்லுக்காக நீ கையை நீட்டிக்கொண்டு அழுத வாசல், எல்லாம் இருந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிய வீடுகள் வரிசையாக நின்றன. உச்சிவெயில். ஆனால் அந்த இடத்தில் நின்றபோது என் பாதம் சில்லிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் தொட்டுக்கூடப் பார்த்தேன், கொதித்தது. மறுபடி செருப்பை மாட்டினால் மறுபடி சில்லிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவனிடம் மாமாவின் பெயரைச் சொல்லி, சாயக் கம்பெனியில் வேலை பார்த்தவர் என்று கேட்டேன். அப்படி யாரும் இல்லை என்றான். சாக்குக் கடை என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தான். படியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்தான் தலையை நிமிர்த்தி, "யாரு, கம்பெனி மாப்ளயா?" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இத்தனை காலம் கழித்து வந்தும் இவள்கூட என்னைத் தெரிந்துவைத்துக்கொண்டு நக்கல் செய்கிறாளே என்று நினைத்தேன். "யாரம்மா சொல்ற?" என்றேன், கொஞ்சம் கடுமையாகவே.

"அதாங்க, மூச்சு வாங்கிக்கிட்டுக் குந்தியிருப்பாரே, அந்தப் பெரியவரு. அவுருக்குப் பேரே அதான். கம்பெனிக் கத சொல்ல ஆரம்பிச்சாருன்னா மீனு நாறிப் போவும். பச்ச கேட்டு, நேராப் போங்க."

 என்னைச் சுட்ட பெயர், என் தூக்கத்தைக் கெடுத்த பெயர், அதை அவர் தினமும் தெருவில் உட்கார்ந்து கதையாகச் சொல்லிச் சொல்லி, கம்பெனியையே பார்த்திராத புது ஆட்கள் அது அவர் பெயர்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். என்னுடையது என்று அந்த ஊரில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பச்சை கேட்டைத் திறந்தது உன் அத்தை. "வாங்க தம்பி" என்றார்கள், நேற்றுப் போய்விட்டு இன்று வந்தவனிடம் சொல்வதுபோல. மாமா ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. மடியில் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து. நகங்கள் மட்டும் வெள்ளையாகிவிட்டிருந்தன. எனக்கு அது அவர் கைதானா என்றே சந்தேகம் வந்தது.

"யாரு?" என்றார்.

"சிதம்பரத்துலேருந்து வந்திருக்காங்க" என்றார்கள் அத்தை.

"சிதம்பரத்துல நடராசரத் தவுர எனக்கு யாரையும் தெரியாதே."

அத்தை கொண்டுவந்த தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்து நீட்டினேன். அவர் அதை எடுத்து, கண்ணுக்கு எட்டமாகப் பிடித்துப் படித்தார். உன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. பிறகு அதை டிவிமேல் வைத்துவிட்டு, "கூப்புட வந்தியா, குடுத்துட்டுப் போவ வந்தியா?" என்றார்.

"பையன் கல்யாணம். வரணும்."

"யாரு வரணும்? மொட்டையா வரணும்னா, கரண்டு ஆபீசுலேருந்து கூப்புடற மாதிரி இருக்குது."

அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். பத்திரிகையை நீட்டுவது அழைப்பு ஆகாது. முறை சொல்லி வாயால் கூப்பிட வேண்டும். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு, "பட்டம் கட்டணுமாம். உங்க கையாலதான் கட்டணும்ங்கறான்" என்று மட்டும் சொன்னேன்.

"நான் கட்டுன பட்டம் ஒண்ணு உன் நெத்தியில இன்னும் அவுழாம இருக்குது. புள்ளைக்கும் நானே கட்டணுமா? பயமா இல்ல?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் இருமலில் சுருண்டுவிட்டார். அத்தை ஓடிவந்து முதுகை நீவி, "இந்த வாயாலதான் தங்கச்சி ஊட்டுக்குப் போவ வழியில்லாம போச்சு. இன்னும் அடங்கல" என்றார்கள்.

நான் எழுந்துவிட்டேன். உண்மையாகவே கிளம்பிவிட்டேன் மகனே. வாசற்படியில் நின்று, "அந்தப் பேரு இப்ப உங்ககிட்டதான இருக்குது. தெருவுல கேட்டுட்டுத்தான் வரேன்" என்றேன்.

இருமல் நின்றது. "பின்ன என்னா பண்றது?" என்றார் மெதுவாக. "நீதான் ஊர வுட்டே போய்ட்டியே. நல்ல பேரு, வீணாப் போவுதேன்னு நானே வெச்சிக்கிட்டேன்."

என்னால் அந்தப் படியைத் தாண்ட முடியவில்லை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பஸ்ஸுலதான வந்த? கம்பெனியப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். மழத்தண்ணி இன்னும் செவப்பாத்தான் வெளிய வருது."

"வருதா?" என்றார், ஊரிலிருக்கும் உறவுக்காரரின் உடல்நலம் விசாரிப்பதுபோல. "எதுக்க ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்ல. எல்லாம் முள்ளு."

"பேரல் கட எடம்?"

"அதுவும்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, மூச்சுக்கு நடுநடுவே, கேட்டிலிருந்து கிளம்பி அந்தத் தெருவில் நடக்க ஆரம்பித்தார். நானும் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியாமல் உட்கார்ந்து கூடவே போனேன். மதிய வெயில் ஜன்னல் வழியாக வந்து இரண்டு பேர் காலிலும் கிடந்தது. சைக்கிள் ஸ்டாண்டு வந்தது, அதன் தகரக்கூரையில் மழை பெய்தது. பாய் கடையில் சால்னா கொதித்தது. ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் மஞ்சளும் நீலமுமாக வெளியே வந்தார்கள். மாமாவோடு வேலை பார்த்த சீட்டிக்குரல் சுப்புராயன் நூறடி தள்ளி இருந்தே பீடி கேட்டான். செத்துப்போன அவன் அன்று மதியம் சாகவில்லை. எனக்கு அந்தத் தெருவிலிருந்து திரும்ப மனமில்லை.

"கேட்ட வுட்டு வந்ததும் மொதல்ல பேரல் கட" என்றார் அவர்.

"லாண்டரி."

"பேரல் கடடா. வெளிய கால வெச்சா நீலமாத்தான் தெரியும்."

"லாண்டரி தாண்டித்தான் பேரல் கட."

"உனக்கு லாண்டரிதான் தெரியும். என் சட்டைய அவன் தொட்டிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். இருவத்தி நாலு மணி நேரமும் அந்தத் தெருவுல கெடந்தவன் நானு. என்கிட்ட வந்து..."

"இல்ல மச்சான், நான் சொல்றதக் கேளுங்க, லாண்டரிதான் மொதல்ல!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. அத்தை சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "நீங்க ஆபீஸர் கேட்டுல நொழஞ்சவரு. அவுரு லேபர் கேட்டுல நொழஞ்சவரு. ரெண்டு பேருக்கும் எப்புடி ஒத்துப் போவும்?" என்றார்கள்.

மாமா கண்ணைத் திறந்திருந்தார். "என்னா சொன்ன?"

"லாண்டரின்னேன்."

"அதுக்கு முன்னாடி."

 "மச்சான்னு சொன்னாரு. காதுல வுழுந்துதில்ல? அப்புறம் என்னா, வுடுங்க அவுர" என்றார்கள் அத்தை. அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை நீட்டி டிவிமேல் இருந்த பத்திரிகையை எடுத்து, மடியில் மருந்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, "வண்டிய மட்டும் அனுப்பிடாத. நீ வந்து கூட்டிக்கிட்டுப் போவணும்" என்றார். "வரேன்" என்றேன். அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே உன் கேள்விக்குப் பதில்: கூப்பிட்டுவிட்டேன். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று இதிலிருந்து நீயாக ஒரு முடிவுக்கு வராதே. கம்பிவலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான், நீ இல்லை. ஆனால் தாய்மாமனை நேரில் போய் அழைத்துவருவதுதான் முறை, அதையும் அவர் வாயால் கேட்டு வாங்கிவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம் நான் கடலூருக்குக் கார் எடுத்துக்கொண்டு போகிறேன். மாப்பிள்ளை அழைப்புக்கு மண்டபத்தில் இருக்க மாட்டேன். வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட என் இடத்தில் கீரப்பாளையத்துக்காரனை நிறுத்து. அவனுக்கும் மனக்குறை தீரும். சம்பந்தி வீட்டில் கேட்டால் விஷயத்தை உள்ளபடி சொல். நாங்கள் வரத் தாமதமாகும். அவருக்கு வேகமாகப் போனால் மூச்சு முட்டும். அதோடு கம்பெனிக்கு முன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லாமல் வரமாட்டார், எந்த கேட் என்று எனக்கும் அவருக்கும் அங்கே ஒரு சண்டை இருக்கிறது. போன் செய்து அவசரப்படுத்தாதே. வந்ததும் மேளக்காரர்களை வாசலுக்கு அனுப்பு, மேளம் வாசித்துத்தான் அவரை உள்ளே அழைத்துப்போக வேண்டும்.

பட்டம் கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ மணையில் உட்கார்ந்துவிட்டால் அவரால் குனிந்து கட்ட முடியாது, இருமல் வந்துவிடும். அதனால் நின்றபடியே கட்டட்டும் என்று ஐயரிடம் பேசிவிட்டேன். அவர் குள்ளம், நீ என் உயரம். கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. விரலும் நடுங்கும், முடிச்சு ஒரே தடவையில் விழாது. கேமராக்காரன் நிமிரச் சொல்வான், கேட்காதே. நன்றாகக் குனிந்து நில். அவர் போதும் என்று சொல்கிறவரை நிமிராதே.

அப்பா